மிச்சத் தூரம்

பதினெட்டு இஞ்சி.
முகம் பார்க்கலாம் போல அலோய்.
ஸ்ரான்லி வீதியில் எமிலியான் வேண்டாம் என்றான்:
"பற்றறிக் கார், மச்சான். பாரச் சில்லு போடாத.
அகண்ட ரயர் வீதியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் விடும்."
கலியாண ஹயருக்கு வடிவு வேணும் என்றேன்.
காசு என்ரது. பூட்டினான்.

பழைய நாலும்
இரும்பு, பதினாறு, ஒடுக்கம்;
கோழிக்கூட்டுக்குப் பின்னால் போயின.

முதல் ஓட்டம் கிளிநொச்சி. ஆவணி, ஞாயிறு.
ஜப்பானில் யாரோ ஓடிக் களைத்த கார்,
பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது மிச்சம்.
போக அறுபத்தைந்து, வர அறுபத்தைந்து.
இடையில் மண்டபத்துச் சமையலறைப் பிளக்கில்
வடைத் தாச்சிக்குப் பக்கத்தில்
மூன்று மணித்தியாலம்.
பழைய சில்லென்றால் கணக்குச் சரிவந்திருக்கும்.

பின்சீற்றில் மயூரதி, கஜீபன்,
இரண்டு மாலையின் ஈரம்.
நாலரைக்கு ராகுகாலம்.
அதற்கு முன் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறவேணும்.

ஆனையிறவில் அவர்கள் உப்பளத்தைப் பார்த்தார்கள்.
நான் இலக்கத்தைப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்று.
நாற்பத்துநாலு.
கொடிகாமம் கடந்து வீதி மேற்கே முகம் திருப்ப
சோளகம் வந்து நெற்றியில் கை வைத்தது.
ஏசியை நிற்பாட்டி யன்னலை இறக்கினேன்.
காற்றும் ஏறிக் குந்திக்கொண்டது,
இன்னொரு பயணியாய்.

பெரிய சில்லு செய்யும் களவு
அன்றைக்குத்தான் விளங்கியது:
அது சுற்றுவது குறைவு, போவது கூட.
சுற்றை மட்டும் எண்ணத் தெரிந்த மீற்றர்
நூறு என்று சொல்லும்போது
வீதி நூற்றிநாலு என்று சொல்லும்.
அந்த நாலைத் தேடித்தான்
நாவற்குழியில் நின்றோம்.

நிற்க முன்னம் ஆமைப் படம் எரிந்தது.
மஞ்சளாய், சின்னதாய், அவசரமே இல்லாமல்.
மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று
எங்களை முந்தி, திரும்பிப் பார்த்து,
மணி அடித்துவிட்டுப் போனது.

கஜீபன் தகப்பனோடு போனில் கத்தினான்.
மயூரதி கூறைச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி
முன்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினாள்.
பத்துக் கம்பியிலும் பத்து நெற்றிப்பட்டம்.
"ஒண்டு எத்தினை கிலோ, அண்ணை?"
சொன்னேன்.
"பழசு?"
சொன்னேன்.
கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள்.
"அஞ்சு நாலு இருபது. இருக்கிற பாரமில்லை, சுத்துற பாரம்.
ஒரு ஆறு வயசுப் பிள்ளையை
வீதி முழுக்கச் சுத்திச் சுத்திக் கொண்டந்திருக்கிறம்."
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

லான்ட்மாஸ்டர் ஒன்று கயிறு போட்டு இழுத்தது.
பொனற்றில் பூ, முன்னால் புகை.
ஐந்தரைக்குப் படி ஏறினார்கள்.
ராகுவும் சேர்ந்து ஏறியிருக்கும்;
ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

எமிலியான் ஒன்றும் கேளாமல் ஜக்கை எடுத்து வந்தான்.
"காத்து முப்பத்தாறு. கிழமைக்கு ஒருக்காப் பார்.
மெலிஞ்ச ரயர் பற்றறியைத் தின்னும்."
பழைய ரிம் ஒன்றுக்குள் முட்டை கிடந்தது.
முட்டையை எடுத்து வைத்துவிட்டுத்தான்
சில்லை எடுத்து வந்திருந்தேன்.
பளபளப்பை ஒரு கொக்குவில் பொடியன் வாங்கினான்.
அவனுடையது பழைய பெற்றோல் கார்.
மிச்சத் தூரத்தை அவனுக்கு
யாரும் எண்ணிக் காட்டுவதில்லை.

ஐந்தாம் கிழமை போன் வந்தது.
"பலாலிக்கு, அண்ணை. போக வர. என்ன சில்லு?"
"இரும்பு."
"அப்ப வாங்கோ."

போகும்போது பெட்டி மூன்று, ஆள் இரண்டு.
சென்னை போய், அங்கிருந்து ரொறன்ரோ.
விசா வர ஒரு வருசமாம், ஒன்றரையாம்.
வரும்போது
பின்சீற்றின் இடப்பக்கத்திலேயே இருந்தாள்,
வலப்பக்கத்தை அப்படியே விட்டு.

பாரம் குறைந்த கார்.
புன்னாலைக்கட்டுவன் தாண்ட
இலக்கம் ஏறத் தொடங்கியது.
எழுபத்தொன்று.
உரும்பிராயில் எழுபத்துநாலு.

ஹயர்காரனுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.
இடக்கையால் அதை மறைத்துக்கொண்டு
ஓடினேன்.