கூட்டக் குறிப்பு, வியாழன் இரவு

வியாழக்கிழமைகளில் தீயணைப்பு வண்டியை
மழையில் நிறுத்திவிட்டு
அதன் இடத்தில் நாற்காலி போடுகிறோம்.
சிலியின் தெற்கு வாலில், புவெர்த்தோ கில்காவில்,
மேயரைப் பார்க்க
இதைவிட உலர்ந்த இடம் கிடையாது.

நான் குறிப்பெடுப்பவன். இவர் எனக்கு நாலாவது மேயர்.
முதலாமவர் வக்கீல். இரண்டாமவர் வக்கீலின் தம்பி.
மூன்றாமவர் சால்மன் கம்பெனிக்காரர்,
ஊருக்கு ஒரு வரவேற்பு வளைவு கட்டித் தந்தார்,
போன புயலில் அது கடலுக்குப் போயிற்று.
இவர் எதெல்மீரா ஒயார்சோ.
பத்தொன்பது வருஷம்
வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்தவர்.

ஓட்டுக் கேட்டு வந்தபோது
யாரும் அவருக்கு வழி சொல்லவில்லை.
எந்த வாசலில் நாய், எந்த நாய் வெறும் குரைப்பு,
எந்த வீட்டில் ஒரு வாய் கூடியிருக்கிறது,
எந்த வீட்டில் முள் இரண்டு மாதமாய் நகரவில்லை.
அப்படி ஒரு கதவை அவர் உடைத்துத் திறந்தாராம்.
கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.
நான் அவருக்கு ஓட்டுப் போடவில்லை.
அது எந்தக் குறிப்பிலும் இல்லை.

வந்ததும் படகுத்துறை விளக்குக் கம்பங்களை ரத்து செய்தார்.
நாற்பத்திரண்டு கம்பம், இத்தாலிய மாதிரி.
அந்தப் பணம் மேட்டுத் தெருக்களின் குழாய்க்குப் போயிற்று,
மண்ணுக்குள்.
மண்ணுக்குள் போன பணத்துக்கு ரிப்பன் வெட்ட முடியாது.
பாதித் தெரு முடிந்தது, பணமும் முடிந்தது.
கடைக்காரர்கள் இன்னும் அவருக்கு வணக்கம் வைப்பதில்லை.

இன்றைக்கு முதல் புகார் ஒரு கடல்சிங்கம்:
மீன் சந்தைப் படியில் படுத்துக்கொண்டு எழ மாட்டேன் என்கிறது.
"வீட்டு வரி போட்டுடலாமா?" என்றார் மேயர்.
சிரிப்பு, என்று எழுதினேன்.
இரண்டாவது, பள்ளிக்கூரை ஒழுகல்.
மூன்றாவதும் அதுவே, வேறு பள்ளி.
"ஆகஸ்டுக்குள்."
"எந்த ஆகஸ்ட்?" என்றாள் ஒருத்தி, மடியில் தூங்கும் பிள்ளையோடு.
பதில் வருவதற்குள்
பின்வரிசையில் எழுந்தார் நிபால்தோ பர்ரியா,
கடலில் மூழ்கிச் சிப்பி எடுப்பவர்.
தொப்பியைக் கழற்றவில்லை.

"பதினேழு வருஷத்துக்கு முன்னால, ஜூலை, நடுக் குளிர்ல,
என் வீட்டுத் தண்ணிய நீ அடைச்சே.
மூணு பில் பாக்கி. பொண்ணுக்குக் காய்ச்சல்.
ஞாபகம் இருக்கா?"

மேயரின் விரல்கள் மேசைமேல்
இல்லாத எதையோ திருகின.
"மீட்டர் நாலு நாலு ஒண்ணு ஏழு. பச்சைக் கதவு."
"இப்பவும் பச்சைதான். அதைக் கேக்கல நான்."

சைரன்.

எங்கள் ஊரில் தீயணைக்கச் சம்பளம் கிடையாது.
ரொட்டிக்கடைப் பையன், பல் டாக்டர்,
கடல்சிங்கத்தின்மேல் புகார் கொடுத்தவர், பர்ரியா,
எல்லோரும் சுவரில் தொங்கிய கோட்டுகளுக்குள் ஓடினார்கள்.
வண்டி போன பிறகு
அது நின்ற தரையில் காய்ந்த செவ்வகம் ஒன்று
கொஞ்ச நேரம் மழையோடு மல்லுக்கட்டிற்று.

"எங்கே?" என்று கேட்டார்.
மேட்டுத் தெரு, என்றேன்.
"எந்தப் பாதி?"
பழைய குழாய்ப் பாதி.
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

கலைத்துவிடலாமா என்றேன்.
"கேள்வி பாக்கி இருக்கே."
கெட்டிலை வைத்தார். கொதித்தது, ஆறியது, மறுபடி வைத்தார்.
நடுவில் ஒருமுறை குழாயைத் திறந்து
விழும் தண்ணீரை விரலால் தொட்டுப் பார்த்து மூடினார்.

ஒன்று பத்துக்குத் திரும்பினார்கள், புகை வாடையோடு.
கூரை போயிற்று. ஆட்கள் பிழைத்தார்கள்.
"தண்ணி வந்துது," என்றார் பர்ரியா, "நூல் மாதிரி வந்துது."
நனைந்த கோட்டோடு
அதே பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.
"சொல்லு."

"அடைச்சது நான்தான்," என்றார் மேயர்.
"அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கவும் செஞ்சேன்."

பர்ரியா தலைக்கவசத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார்.
நெடுநேரம் அதிலிருந்து தண்ணீர் சொட்டிற்று.
பிறகு, சர்க்கரை எங்கே, என்றார்.

'1:10. கூட்டம் தொடர்ந்தது' என்று எழுதினேன்.
வேறென்ன எழுத?
"அடுத்தது யார்?" என்றார் மேயர்.
மூலையில், பிள்ளை விழிக்காமல்,
கை தூக்கினாள் அந்த ஆகஸ்ட் பெண்.