வருகைப் பதிவேடு

பூண்டுலோயாவில் ஆறு பேர் கையெழுத்து வைத்தோம்
தரச் சான்றிதழ்த் திட்டத்துக்கு.
மரகதவல்லி அக்கா வைக்கவில்லை.
"என் முட்டைக்கு நான் சான்று,
உடைச்சுப் பாரு" என்று
தாச்சியை நீட்டினாள்.

படிவம் பதினொரு பக்கம்.
சிங்களத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று.
தமிழில் அடுத்த மாசம் வருமாம்.
எந்த வருசத்து அடுத்த மாசம் என்று
ஞானசீலன் கேட்டான்.
யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

வாசலில் மருந்துத் தொட்டி வேண்டும்,
கால் நனைத்துத்தான் உள்ளே.
கட்டினேன். ஆனி மழை
ஒரே ராத்திரியில் நிரப்பி
மருந்தை ஓடைக்கு அனுப்பியது.

குஞ்சுக் கூட்டின் சூட்டைக்
காலையும் மாலையும் குறிக்க வேண்டும்.
கரண்ட் இருந்த நாளில் குறித்தேன்.
இல்லாத நாளில் சாக்கை இழுத்து மூடி
சிரட்டைக் கரி ஊதிக்கொண்டிருந்தவளுக்கு
எந்தக் கை பேனா பிடிக்கும்?
ஆய்வுக்கு முதல் நாள் ராத்திரி
மூன்று மாதத்தையும் ஒரே மூச்சில் எழுதினேன்,
நீலம், கறுப்பு, மகளின் ஜெல் பேனா என்று
மாற்றி மாற்றி.

பொய்தான்.
அந்தக் கணக்கை நான் படித்தது
கொழுந்து மடுவத்தில்.
பதினெட்டுக் கிலோவில்
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒன்று,
துண்டில் பதினைந்து விழும்.
தராசின் முகம் எப்போதும்
அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

பார்வையாளர் கொப்பியை மட்டும்
ஒரு நாளும் விடவில்லை.
பெயர், நேரம், காரணம், கையொப்பம்:
கீரி. விடியற்காலை. ரெண்டு பேடு. வைக்கவில்லை.
மூடுபனி. பின்னேரம் மூணு. சும்மா.
தீன் கடை நிஸ்தார். பத்து மணி. பாக்கி. வைத்தார், அழுத்தமாக.
மரகதவல்லி அக்கா. வேவு. வைக்க மாட்டாள்.

வந்த மிஸ் ஹங்குரன்கெத்தைக்காரி.
நல்ல பிள்ளை.
புதுச் சப்பாத்தைப் பார்க்காமல் தொட்டியில் இறங்கினாள்.
கொப்பியைப் புரட்டினாள். தமிழ் வாசிக்கத் தெரியாது.
கட்டங்கள் நிரம்பியிருந்தன.
ஒவ்வொரு கீரிக்கும்
ஒரு சரி போட்டாள்.

சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினேன்.
டவுன் கடைக்காரர் ஒரு ரூபாய் கூட்டவில்லை.
"உங்க சான்றிதழ் குஞ்சு பொரிக்குமா?"
நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

ஐப்பசியில் கோழிகளுக்குச் சளி.
மருந்து கொடுத்தால்
ஏழு நாள் முட்டை விற்கக்கூடாது.
ஒரு நாளைக்கு எழுபது முட்டை.
மிஸ் வரும் மாதமல்ல.
கடையிலோ தட்டுப்பாடு, நிஸ்தாருக்கோ பாக்கி.
ரெண்டாம் நாள் கூடையோடு
வாசல் வரை போனேன்.
பச்சைப் பிள்ளைக்காரி யாராவது
அவித்து ஊட்டுவாள் என்று
ஏன் அப்போது நினைத்தேனோ,
தொட்டியைத் தாண்டவில்லை.

கொய்யா மரத்தடியில் குழி வெட்டினேன்.
ஒவ்வொன்றாக உடைத்துக் கொட்டினேன்,
முழுசாகப் போட்டால்
திரும்ப எடுத்துவிடுவேன் என்று பயம்.

மருந்துப் பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.
எழுதினால் சான்றிதழைத் தூக்கிவிடுவார்களோ,
மெச்சுவார்களோ, தெரியவில்லை.
கடைசி நாள் மகள் எட்டிப் பார்த்தாள்.
"அம்மா, இது எத்தனையாம் பக்கம்?"

மண்ணைத் தள்ளு என்றேன்.
நாய் வரும்.