பூஜ்யம், பூஜ்யம்

கடலே இல்லாத நாட்டின்
பதினேழு சுவிட்சுகள்
ஆப்பிரிக்காவின் அக்குளில் மிதந்தன.
இருப்பிடம் புரியாத கருவியை
மென்பொருள் அங்கேதான் இறக்கிவிடும்:
அட்சம் பூஜ்யம், தீர்க்கம் பூஜ்யம்.

உலியாஸ்தையில் எனக்கு இரவுப்பணி.
தொழிற்சாலை குறித்துத் தந்த கீழ்வரம்பு ஐந்து டிகிரி.
மங்கோலியாவில் அக்டோபரிலேயே அது பொய்.
ஐந்து மாதம் திரை சிவந்தே கிடக்கும்.
யாரோ ஒலியை அணைத்தார்கள்.
பிறகு யாரோ திரையையே
சுவர்ப்பக்கம் திருப்பினார்கள்.

ஜனவரியில் ஒரு பெட்டி
நிஜமாகவே உறைந்தபோது
நாற்பத்தோராவது சிவப்பாக அதுவும் நின்றது.
இரண்டு நாள் கழித்து பால்ஜின்னியாம்
மோட்டார் சைக்கிளில் வந்து சொன்னார்:
"மகளோடு பேசிக்கொண்டிருந்தேன், பாதியில் நின்றுபோனது."
மீசையில் பனி.

அன்றைக்கு உட்கார்ந்தோம், ஓயுங்கெரெலும் நானும்.
எச்சரிக்கை மைனஸ் முப்பது.
அபாயம் மைனஸ் முப்பத்தெட்டு.
ஒரு டிகிரி ஏறி இறங்கினால் கூவாதே;
பத்து நிமிடம் பொறு, பிறகு கூவு.

இருப்பிடம்தான் இழுபறி.
"கணவாய் தாண்டி, பால்ஜின்னியாமின் குளிர்முகாமுக்குப் பின்னால்"
என்று கருவியே ஒப்பித்துக்கொண்டிருந்தது.
நாங்கள் திருத்தத் திருத்த
மணிக்கொரு முறை அழித்தது.
முகாம் போன வருடமே பெயர்ந்துவிட்டதென்று
அதற்கு யார் சொல்வது?
கையால் எழுதியதைத் தொடாதே என்று
ஓயுங்கெரெல் ஒரு பூட்டுப் போட்டாள்.

ஒவ்வொன்றாகக் கரையேறின.
இன்றிரவு மைனஸ் இருபத்தொன்பது. திரை பச்சை.
அந்தப் பச்சையை நம்பத்தான்
கொஞ்சம் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் இன்னும் கடலில்.
எந்த மலையில் எவர் மாட்டியதோ, கோப்பில் இல்லை.
கூப்பிட்டால்
நாற்பது மில்லிநொடியில்
இருக்கிறேன் என்கிறது.