கீழ்த்தளத்தில் நான்கு தக்பீர்

சுபுஹுக்கு முன்பே ஹம்ஸியா அழைத்தாள்:
"குழாய் உறைஞ்சு போச்சு. மையத்து வந்துட்டுது.
குளிப்பாட்ட நாலு பேர் நிக்கிறம்.
தண்ணிதான் இல்ல."

சாஸ்கட்டூன். மைனஸ் முப்பத்தொன்று.
வேன் கதவு திறக்க மறுத்தது.
இடித்து, திட்டி,
திட்டியதற்குத் தவ்பா செய்து
திறந்தேன்.

இறந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது.
போஸ்னியாக்காரர், தனியாக இருந்தவர்.
பூனை ஒன்று உண்டாம்.
அதை யார் எடுப்பதென்று
மேலே ஒரு பேச்சு நடந்தது.

பள்ளிவாசலின் கீழ்த்தளம்.
செம்புக் குழாயை மெல்லச் சூடாக்கினேன்,
அவசரப்பட்டால் வெடிக்கும்.
மையத்துக்குச் சூடும் குளிரும் ஒன்று.
கழுவும் கைகளுக்கு அப்படியில்லை.
ஹோதானுக்கு விரல் மூட்டெல்லாம் வாதம்.

முதலில் ஓர் இருமல். பிறகு துரு.
பிறகு தண்ணீர்.
மேலே யாரோ பிஸ்மி சொன்னது
குழாய் வழியே கேட்டது.

சின்ன வயதில் ஓதியது:
பர்ளு கிஃபாயா.
சிலர் செய்தால் எல்லோர் கடனும் தீரும்,
ஒருவரும் செய்யாவிட்டால்
எல்லோர் கழுத்திலும் அது.
எனக்கோ முதல் பாதி மட்டும் மனப்பாடம்.
யாராவது செய்வார்கள்.
இந்த ஊரில் இருபது வருடம்
அந்த யாராவது நானாக இருந்ததில்லை.

குழிக்கு டேரல்.
நகராட்சி ஆள், தொழுகிறவர் இல்லை.
இரண்டு இரவாக மண்ணுக்கு
வெப்பப் போர்வை போர்த்தி
இளக்கிக்கொண்டிருந்தார்.
அவர் பங்கை எந்தக் கணக்கில் எழுதுவது?
இமாமிடம் கேட்டேன்.
"எழுதுவது உன் வேலையில்லை" என்றார்.

ஒரு மூட்டு இன்னும் கசிந்தது.
விட்டுவிட்டு மேலே போனால் ஜனாஸா கிடைக்கும்.
விட்டால், பிள்ளைகள் ஓதும் அறை குளமாகும்.
கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.
தலைக்கு மேல் பலகை முனகியது:
ஐம்பது பேர், மூன்று வரிசை.
குனிவதில்லை, ஸுஜூது இல்லை,
நின்ற நிலையிலேயே நான்கு தக்பீர்.
அவர்கள் எனக்கும் சேர்த்து நின்றார்கள்.
நான் முழங்கைவரை நனைந்திருந்தேன்.

பொருளாளர் பில் கேட்டார்.
எல்போ ஒன்று, பதினொரு டாலர்.
கூலி என்ற கட்டத்தில் பேனா நின்றது.
பழைய பாக்கியில் கழித்துக்கொள்ள
அந்தத் தாளில் இடமில்லை.

இரவு வீட்டுக்கு வந்தால்
ஹம்ஸியாவின் கையில் இன்னும் கற்பூர மணம்,
மடியில் பூனை.
"யாராச்சும் எடுக்கோணுமே" என்றாள்.