பதினொரு வினாடி

தார்த்துவில் மே மாதம்.
பட்டாணிக்குருவி பெட்டி வாசல் குச்சியில்
கால் வைத்ததும் உள்ளே போய்விடும்.
சுவிட்ச் தொட்டதா என்றே தெரியாது;
சமையலறை பல்பு கண் சிமிட்டக்கூட இல்லை.

ஊர்மாஸ் ஒரு ஐசி வாங்கிவந்தான்.
லட்சம் ஓம், நூறு மைக்ரோஃபாரட்,
விரலில் ஒரு சூடு.
இப்போது குருவி போன பின்னும்
பதினொரு வினாடி எரிகிறது.
"உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே பார்க்கலாம்."

காலண்டர் ஓரத்தில் கோடு போட்டேன்.
மாலைக்குள் முப்பத்தேழு.

ஞாயிறன்று ஜன்னலோரம் உட்கார்ந்தபோதுதான் கண்டேன்:
ஆண் புழுவோடு நுழைகிறது,
பல்பு எரிகிறது,
அது அணையுமுன்னே
பெண்ணும் வந்துவிடுகிறது.
எரிகிற பல்புக்கு இரண்டாவது கால் தெரியாது.

சொன்னேன். ஒன்றும் பேசாமல்
சூட்டுக்கோலைச் செருகப் போனான்.

முப்பத்தேழு கோட்டுக்கும் பக்கத்தில்
குத்துமதிப்பாய்ப் புள்ளிகள் வைத்தேன்,
அவளுக்கு.