சார்ஜர் அவனிடம்

வக்கீல் அடித்துக் கொடுத்த பட்டியலில்
பதினேழாவது வரி:
கம்பியில்லா வட்ட ரம்பம், பேட்டரி இரண்டு. எனக்கு.
இருபத்தோராவது வரி:
துளைபோடும் மெஷின், சார்ஜர். ஹால்டோருக்கு.
கையெழுத்துப் போட்ட அன்று
இரண்டு பேர் கண்ணும் படகின்மேல்தான் இருந்தது.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைந்தவள் நான்.
கிம்லியில்,
வின்னிபெக் ஏரி கரையோரமாக உறைய ஆரம்பித்த வாரம்.

ரம்பத்தைக் குறை சொல்ல மாட்டேன்.
அலகு இடப்பக்கம், வெட்டும் கோடு கண்ணுக்குத் தெரியும்.
இருபத்துநாலு பல் சட்டத்துக்கு,
அறுபது பல் ப்ளைவுட்டுக்கு.
அலகு மாற்றும் சாவி இரண்டு தடவை பனியில் விழுந்து
இப்போது தூண்டில் நரம்பில் கட்டித் தொங்குகிறது.
நேராக அறுக்க உதவும் என்று
முப்பது டாலருக்கு வாங்கிய வழிகாட்டிச் சட்டம்
பெட்டியைவிட்டு வெளியே வந்ததேயில்லை.
கோணல் என் கையில் இருக்கிறது, அதற்கு அது என்ன செய்யும்.

பேட்டரிதான்.
நாலு பச்சை விளக்கும் எரியும்,
பொய் சொல்லாத பிள்ளை மாதிரி.
பாதிப் பலகையில் அலகு நிற்கும்.
பார்த்தால், ஒன்றுகூட இல்லை.
பாதி விலைக்கு வேறு கம்பெனிக்காரன் விற்றதை வாங்கினேன்.
உள்ளே போனது. வெளியே வரவில்லை.
அரம் வைத்து ராவி எடுத்தேன்
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க.

ஏரிமேல் மீன்பிடிக் கொட்டகை,
எட்டடிக்கு ஆறடி, தரையில் இரண்டு ஓட்டை.
மைனஸ் இருபத்தேழில் அடுப்புக்குழாய்க்குத் துளை வெட்ட வேண்டும்.
ஒரு பேட்டரி வேலையில்,
இன்னொன்று கோட்டுக்குள், இடது அக்குளில்.
பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாற்றுவேன்.
அடைகாத்துப் பழக்கமில்லை எனக்கு.
அடுத்த கொட்டகை ஓரெஸ்ட்
ஜெனரேட்டரை இரையவிட்டுக் கத்துவான்:
"ஒயர் வைத்த ரம்பம் வாங்கு, சிக்ரூன்!
சட்டைக்குள் கைவிட்டுத் தேட வேண்டாம்!"

வியாழக்கிழமைதோறும்
ஹால்டோர் வீட்டு வாசலில், தபால்பெட்டிக்குக் கீழே,
இரண்டையும் வைத்துவிட்டு வந்துவிடுவேன். பேச்சில்லை.
உறைந்ததை அப்படியே சார்ஜில் போடக்கூடாது,
அது அவனுக்குத் தெரியும்.
சமையலறை மேஜையில் ஒரு மணி நேரம் வைப்பான்.
நான் இழைத்த மேஜை. பட்டியலில் ஒன்பதாவது வரி.
வெள்ளிக்கிழமை எடுக்கப் போனால்
நாலில் மூன்று விளக்குதான் எரியும்.
துளைபோடும் மெஷினில் மாட்டி
ஏதோ அலமாரி கட்டிக்கொண்டிருந்தான்.
அந்த ஒரு விளக்கு வாடகை.
நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

ஜனவரிக் கடைசியில் துண்டுச் சீட்டு ஒன்று:
"ஒன்று போய்விட்டது. சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுகிறது.
நான் எதுவும் செய்யவில்லை."
நீ எதுவும் செய்யவில்லை என்பதுதானே
எட்டு வருஷமாக நான் சொன்னது
என்று எழுதி,
கிழித்து, அடுப்பில் போட்டேன்.

செல்கர்க்கில் தள்ளுபடி.
சார்ஜரும் பெரிய பேட்டரி ஒன்றும்
நூற்றுத்தொண்ணூறு டாலர்.
மறுநாள் ஏரியில் ஒரு முழுப் பலகையை
ஒரே மூச்சில் அறுத்தேன்.
தூள் பனிமேல் மஞ்சளாய் விழுந்தது.
ஓரெஸ்ட்கூட ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.
வெட்டு கோணல்தான்.

மூன்று வியாழன் போகவில்லை.
நாலாவது வாரம் போன்:
அலமாரிக் கதவு ஒன்று தொங்குகிறதாம்,
ஆறு திருகுதான் பாக்கியாம்.
கையில் சார்ஜர் இருக்கிறது,
அதில் போட எதுவும் இல்லை.
சரி என்றேன்.

இரவு பழைய பேட்டரியை நிரப்பினேன்.
காலையில் கொட்டகைக் கதவின் அடியில்
கால் அங்குலம் இழுக்கிறது என்று
நானே சொல்லிக்கொண்டு
அதை ரம்பத்தில் மாட்டினேன்.
அறுத்து முடித்து விளக்கைப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம் அறுத்தேன்.

மூன்று ஆனதும்
கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
வண்டியைக் கிளப்பினேன்.