இருவருக்கும் ஒரே வீட்டுப்பாடம்

காட் மீனின் தலை சீவும் எந்திரம்
கடித்த நாளிலிருந்து
என் வலக்கைக்கு வயது நான்கு.
உக்லாவுக்கும் நான்கு.

ஐஸ்லாந்தில் எங்கள் ஊரில்
மூன்றரை மணிக்கெல்லாம் இருட்டு.
விளக்கைப் போட்டு
சமையலறை மேசையில் எதிரெதிரே உட்காருகிறோம்.
அவளுக்கு மழலைப்பள்ளி கொடுத்தது,
எனக்கு மருத்துவமனை:
அதே சாமணம், அதே காய்ந்த பட்டாணி,
அதே பிசையும் களிமண்
(என்னுடையது விலை அதிகம்).

என் பட்டாணி துள்ளி
அடுப்புக்கடியில் ஒளிகிறது.
அவள் பதினொன்றைக் கிண்ணத்தில் போட்டாயிற்று.
"கட்டைவிரலைத் தூங்க விடாதப்பா."

அடுத்து கத்தரிக்கோல். வட்டம் வெட்ட வேண்டும்.
என்னுடையது
யாரோ கடித்து வைத்த ரொட்டி.
அவளுடைய வட்டம் தரையில் கிடக்க,
ஓட்டை விழுந்த தாளைத்
தூக்கிப் பிடிக்கிறாள்.
"இதுதான் வட்டம்.
கீழ கிடக்குறது மிச்சம்."

திருத்த வாயெடுத்தேன்.
அதற்குள் ஓட்டை வழியே ஒரு கண்
என் கைக்கு வந்துவிட்டது,
கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே
ஒன்றுமில்லாத இடத்துக்கு.

"அங்க ஒரு விரல் வடிவம் இருக்கு" என்றாள்,
சதுரம், முக்கோணம் என்று
பெயர் சொல்லும் அதே குரலில்.

பிறகு
அடுப்புக்கடியில் தவழ்ந்து போய்
என் பட்டாணியை எடுத்து வந்தாள்.
இன்னும் ஒன்பது பாக்கி.